கை வலிக்குப் பிறகு வாயால் மொழிபெயர்ப்பு: சில வருட அனுபவம்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் பிழைப்பு. மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், வங்கிப் படிவம், மிக்சி கையேடு, எப்போதாவது ஒரு கோர்ட் ஆவணம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டித் தட்டி வலது மணிக்கட்டு போய்விட்டது. எலும்பு டாக்டர் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார், டெட்லைன் ஓய்வு கொடுக்கவில்லை, அதனால் பேசித் தட்டச்சு செய்யும் பக்கம் வந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் "அது ஒழுங்கா வேலை செய்யுதா" என்று அடிக்கடி கேட்கிறார்கள். செய்கிறது. ஆனால் பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருளையும் கேட் டூலையும் (மூலத்தை வாக்கியம் வாக்கியமாக வெட்டிக் காட்டி மொழிபெயர்ப்பாளருக்கு உதவும் மென்பொருள்) சேர்த்து ஓட்டும்போது ஏதாவது கெட்டுப்போனால், தப்பு தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. அதைக் கண்டுபிடிப்பதில்தான் என் நேரம் போயிருக்கிறது.

எது மக்கர் செய்தாலும் முதலில் இரண்டையும் பிரித்துவிடுவேன். வெறும் நோட்பேடைத் திறந்து அதே வாக்கியத்தைப் பேசிப் பார்ப்பேன். அங்கே ஒழுங்காக வந்தால் மைக்கும் பேச்சறிதலும் நன்றாக இருக்கின்றன, கேட் டூலைத்தான் நோண்ட வேண்டும். அங்கேயும் தப்பாக வந்தால் என் குரலைப் பதிவு செய்து நானே கேட்பேன். எனக்கே தெளிவாகக் கேட்காத குரலை மெஷின் எப்படிக் கேட்கும்? இதைச் செய்யாமல் நேராக மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றுகிறவர்கள் நிறைய பேர், அரை நாள் போய்விடும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

பதிவைக் கேட்டாலே பாதி விஷயம் மைக்கில் முடிந்துவிடும். புளூடூத் ஹெட்செட் பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும், ஆனால் அதன் மைக்கை இயக்கிய நொடியே இணைப்பு பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். பழைய வகை என்றால் ஒலியை அளந்து பதியும் வேகம் (சாம்பிள் ரேட்) 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும், கொஞ்சம் புதியது என்றால் 16. 8-இல் பதிவாகும்போது அதில் பாதி, அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ஒலி முழுக்கப் போய்விடும், ஸ, ச மாதிரி ஒலிகளின் சீறல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. விலை உயர்ந்த ஹெட்செட்டை ஓரம் வைத்துவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண யுஎஸ்பி ஒயர் ஹெட்செட் வாங்கினேன், இன்றுவரை அதுதான். அப்புறம் சென்னையில் மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை பார்க்க யாராலும் முடியாது, ஆகவே ஃபேன் காற்று நேராக மைக்கில் அடிக்காத மாதிரி மேசையைத் திருப்பிப் போடுவதுதான் வழி. மைக் வாய்க்கு நேரே இல்லாமல் உதட்டோரம் இருக்கட்டும், மூச்சு படாது. தெருவில் வரும் காய்கறி வண்டிக்கு மட்டும் ஒரு தீர்வும் கிடைக்கவில்லை, ஒலிபெருக்கியில் சொன்ன வெங்காய விலை ஒரு தடவை மாத்திரைத் தாளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் கேட்கும்படி வைத்திருக்கிறேன்.

விண்டோஸில் இன்னொன்று: ஒரு செயலி மைக்கைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ள அனுமதிக்கும் டிக் ஒன்று சவுண்ட் செட்டிங்கில் இருக்கிறது. மீட்டிங் செயலி பின்னணியில் திறந்தே கிடந்தால் மற்றதற்கு மைக் கிடைக்காமல் போகலாம். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். இத்துறையில் பெரிய பெயரான டிராகன் 1997-இலேயே நிறுத்தாமல் தொடர்ந்து பேச விட்டது, ஆனால் தமிழ் அதற்குத் தெரியாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் பயன், அதிலும் ஒமேகாடி மாதிரி ஜாவா நிரல்மொழியில் எழுதிய கேட் டூல்களில் நேரடியாகப் பேசித் திருத்தும் வசதி இருக்காது, டிராகனின் தனிப் பெட்டியில் பேசி அங்கிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழுக்கு கூகுள் குரல் தட்டச்சு 2017-இல் வந்தது. அன்றாட வேலைக்கு இன்றும் வேகமானது அதுதான், செலவும் இல்லை. ஆனால் நீங்கள் பேசுவது இணையம் வழியாகப் போகிறது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய கோர்ட் ஆவணத்தை அப்படிப் படிக்கக் கூடாது, கிளையன்ட் கேட்கிறாரோ இல்லையோ.

அந்த மாதிரி வேலைக்குத்தான் விஸ்பர் என்ற பேச்சறிதல் மென்பொருள். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது, இலவசம், இணையத்தைத் துண்டித்துவிட்டு நம் கணினியிலேயே ஓட்டலாம். வெளிவந்தபோது 680,000 மணி நேரப் பேச்சில் பயிற்சி பெற்றிருந்தது என்றதும் வாய் பிளக்க வேண்டாம், அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து 117,000 மணி நேரம்தான். தமிழில் அது தடுமாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் தடுமாற்றத்தில் பெரும்பகுதி அமைப்புகளைத் தொடாமல் விடுவதால் வருவது. மொழியைத் தானே கண்டுபிடிக்க விட்டால் முதல் 30 நொடியைக் கேட்டு முடிவு செய்யும். "ஓகே, ஸ்டார்ட் பண்ணலாம்" என்று ஆரம்பித்தால் அது ஆங்கிலம் என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? தமிழ் என்று கையால் குறித்துவிடுங்கள். நாம் யோசிக்கும் இடைவெளியில், அதாவது வெறும் அமைதியில், யாரும் பேசாத வாக்கியங்களை அது தானாக எழுதிவிடும், அல்லது ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப எழுதும். மொழிபெயர்ப்பாளர் யோசிக்காமல் பேச முடியாது, ஆகவே நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். அமைதியை வெட்டியெறியும் விஏடி வடிகட்டியை இயக்க வேண்டும், முந்தைய உரையைப் பார்த்து எழுதும் வசதியை அணைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கிவிடும்.

கேட் டூலோடு இதை இணைப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், விஸ்பருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் உரை கொடுத்துப் பழக்கலாம். அந்தப் புராஜெக்டின் கிளாசரியிலிருந்து (இந்தச் சொல்லுக்கு இதுதான் தமிழ் என்று கொடுக்கும் பட்டியல்) மருந்துப் பெயர், ஊர்ப் பெயர், கிளையன்ட் பிடிவாதமாகக் கேட்கும் சொற்கள் எல்லாவற்றையும் ஒரு வரியாக அங்கே ஒட்டுகிறேன். ஆனால் 224 டோக்கனுக்கு (அது படிக்கும் சொல்துண்டு) மேல் கொடுத்தால் கடைசிப் பகுதியை மட்டும்தான் பார்க்கும். கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட், சொல்லைச் சில்லுச் சில்லாக உடைத்துத்தான் அது படிக்கிறது, ஆங்கிலத்தில் பெரிய பட்டியலே கொள்ளும் இடத்தில் தமிழில் கொஞ்சம் சொல்தான் கொள்ளும். முக்கியமானதைக் கடைசியில் வையுங்கள்.

இனி, இரண்டுக்கும் நடுவில் நடப்பது. இதற்குத்தான் அதிகம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு ஏஜென்சியின் டூலில், கிளாசரியில் உள்ள சொல்லையே பேசி, அது கண்ணெதிரே சரியாகவே இருந்தும், 'கிளாசரிச் சொல் இல்லை' என்று சிவப்பு எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. பேச்சறிதல் கோளாறு என்று ஏஜென்சியில் சொன்னார்கள். நோட்பேடில் பேசினால் எழுத்து சரி. கிளாசரிச் சொல்லைக் கையால் தட்டினாலும் அதே எச்சரிக்கை! அப்போதுதான் புரிந்தது, குற்றம் கிளாசரியில். யாரோ பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றிய கிளாசரி அது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியோடும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுதான், அந்த டூலுக்கு வேறு வேறு. கிளாசரி முழுவதையும், அந்தத் துண்டுகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் எச்சரிக்கைகள் மறைந்தன. 'ஸ்ரீ' மட்டும் இதற்கும் மசியாது, ஸகரத்தில் தொடங்கும் ஒன்றும் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் இன்னொன்றும் உண்டு, அதைத் தேடி மாற்றத்தான் வேண்டும். ஸ்ரீரங்கம், ஸ்ரீபெரும்புதூர் வரும் பத்திரங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்கிறவர்கள் கவனியுங்கள், அங்கே டிரான்ஸ்லேஷன் மெமரியே (பழைய மொழிபெயர்ப்புகளின் சேமிப்பு) தமிழ்ப் பக்கத்தைத்தான் ஒப்பிடும், பழைய வாக்கியத்தோடு பொருந்துவது குறைந்தால் உங்களுக்கு வேலை அதிகம்.

டேக் விஷயம் சின்னது. கேட் டூல் வெட்டித் தரும் வாக்கியத்துக்குள் இருக்கும் டேக்கை, அதாவது தடித்த எழுத்து மாதிரி வடிவமைப்பைக் காட்டும் குறியை, பேசிப் போட முடியாது. முதலில் பேசி முடித்துவிட்டு விட்டுப்போன டேக்கை மெனுவிலிருந்து செருகிக்கொள்கிறேன்.

தமிழ் ஆடியோவை எழுத்தாக்கி மெஷின் மொழிபெயர்ப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பு உளறினால் உடனே அதைத் திட்டாதீர்கள், உள்ளே போன தமிழைப் பாருங்கள். முற்றுப்புள்ளியே இல்லாமல் நீண்ட பாம்பாகப் போயிருக்கும். வாக்கியங்களை வெட்டிக் கொடுத்தால், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாடல் ஆகட்டும், வேறெதுவாகட்டும், நன்றாகவே செய்கிறது. விஸ்பரே நேரடியாக ஆங்கிலத்துக்கு மாற்றும் வசதியும் உண்டு, நான் பயன்படுத்துவதில்லை. நடுவில் தமிழ் எழுத்து கண்ணில் படாது, தப்பு கேட்டதிலா மாற்றியதிலா என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்குப் பிறகும் கையால்தான் செய்கிறேன் என்பவை: மருந்தின் அளவு, தேதி, தொகை. அரை, ஒன்றரை எல்லாம் எப்படி வந்து விழும் என்று சொல்ல முடியாது, ஒரு நோயாளி படிக்கப் போகிற தாளில் சூதாட நான் தயாரில்லை. ஒற்று மிகுவது, ல ள ழ, ன ண இவற்றுக்காகத் தனியாக ஒரு முறை படித்தே ஆக வேண்டும். பேசும்போது எழுத்துத் தமிழில், பழைய ரேடியோ செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் வேலைக்கு ஆகும். அம்மா அடுத்த அறையிலிருந்து "யாருகிட்டடா பேசிட்டிருக்க" என்று கேட்பதை இப்போதெல்லாம் நிறுத்திவிட்டார்கள். மணிக்கட்டு நன்றாக இருக்கிறது, சாயங்காலம் தொண்டை கட்டுகிறது, பக்கத்திலேயே சீரகத் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன்.

இதற்காகப் புதுக் கணினி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் விஸ்பரின் பல அளவுகளில் பெரியதான லார்ஜ் மாடலை ஓட்ட முயல வேண்டாம், அதற்குச் சுமார் 10 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் வேண்டும். மீடியத்துக்கு 5 போதும், தமிழுக்கு அதற்குக் கீழே இறங்கினால் தட்டுவதைவிடத் திருத்துவது அதிகமாகிவிடும். அதுவும் இல்லையென்றால் ரகசியமில்லாத வேலைக்கு கூகுள், மற்றதற்குப் பழையபடி தமிழ்99. புதுக் கணினிக்குப் பணம் சேர்க்கும் முன்னால் அந்த ஒயர் ஹெட்செட்டை மட்டும் வாங்கிப் பாருங்கள்.