செம்பேனுக்கு எது: வேப்பெண்ணெயா, வாசனைத் தைலமா?

மாசி கழிந்து வெயில் ஏறியதும் வெண்டையிலும் கத்தரியிலும் இலை வெளுக்கத் தொடங்கும். மேற்புறம் ஊசி முனையால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள். இலையைத் திருப்பினால் நரம்போரம் மெல்லிய நூலாம்படை, அதற்குள் ஊரும் சிவப்புத் தூசி. வெள்ளைத் தாளில் தட்டி விரலால் தேய்த்தால் பழுப்புச் சிவப்பில் கோடு இழுக்கும். செம்பேன்தான். இது பூச்சி இல்லை, சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிரி. பைரித்ராய்டு வகை இரசாயனப் பூச்சிக்கொல்லியை அடித்தால் இதைத் தின்னும் குட்டிக் கறுப்புப் பொறிவண்டுகள் செத்துப்போய், செம்பேன் முன்னைவிடப் பெருகும். அந்த வழி வேண்டாம் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இரண்டு எண்ணெய்களுக்கு நடுவில்: ஒன்று வேப்பெண்ணெய், மற்றது யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சைப்புல் போன்ற வாசனைத் தைலங்கள்.

இரண்டும் பெரும்பாலும் பேனின் உடம்பில் பட்டால்தான் கொல்லும். அதனால் நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கத்தை நனைக்க வேண்டும், மாலை நாலு மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும். இதில் பேச ஒன்றுமில்லை. திறந்தவெளித் தோட்டம் என்றால் என் ஓட்டு வேப்பெண்ணெய்க்கே. காரணம் விலை இல்லை, எண்ணெய் இலையில் எத்தனை நாள் நிற்கிறது என்பது.

கோடை வெப்பத்தில் செம்பேன் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர எட்டு, பத்து நாள் போதும். முட்டை மூன்று, நாலு நாளில் பொரியும். தைலம் ஊர்கிற பேனை நன்றாகவே கொல்லும், ஆனால் முட்டையிடம் அதன் வேகம் குறைவு. ஆவியாகும் சரக்கு ஆதலால் மறுநாள் வெயிலில் இலையில் ஒன்றும் மிஞ்சாது. அன்று பிழைத்த முட்டை பொரிந்து வரும்போது அதைத் தடுக்க எதுவும் இருக்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட பசுமைக்குடில் சோதனையில், தக்காளியில் ரோஸ்மேரித் தைல மருந்தை ஒரு முறை அடித்ததற்குச் செம்பேன் ஏறக்குறைய பாதிதான் குறைந்தது. மூடிய குடிலிலேயே அப்படி. வேப்பெண்ணெய் கனமான எண்ணெய், சட்டென ஆவியாகாது. அதிலுள்ள பூச்சிகொல்லிச் சரக்கான அசாடிராக்டின் வெயிலில் சில நாளில் சிதைந்தாலும், எண்ணெய்ப் படலம் முட்டை மேல் உட்கார்ந்து மூச்சை அடைக்கும்.

இதைக் கூலிக் கணக்கில் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல், அதாவது 10 லிட்டர் டேங்கில் 20 டேங்க். வேப்பெண்ணெயை ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தால் 40 டேங்க். தைலத்தை நாலு நாளுக்கு ஒரு முறை என்று நாலு முறை அடித்தால்தான் அதே வேலை நடக்கும்: 80 டேங்க். ஒரு தடவைக்கு வேப்பெண்ணெய் 4 லிட்டர் பிடிக்கிற இடத்தில் தைலம் 1 லிட்டர் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தைத் தெளிப்புக் கூலி தின்றுவிடும்.

வேப்பெண்ணெயில் தோற்பவர்கள் பெரும்பாலும் கலக்குவதில் தோற்கிறார்கள். 10 லிட்டருக்கு 50 கிராம் காதி பார் சோப்பைச் சீவி அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, அதில் 200 மி.லி. எண்ணெயை நூலாக ஊற்றிக்கொண்டே அடித்துக் கலக்க வேண்டும். மோர் போல வெளுத்த பிறகே மீதித் தண்ணீர். தண்ணீரில் நேரே எண்ணெயை ஊற்றினால் அது மேலே மிதக்கும். டேங்கின் உறிஞ்சுகுழாய் அடியில் இருப்பதால் முதல் ஒன்பது லிட்டரும் வெறும் தண்ணீராகப் போய், கடைசி லிட்டரில் எண்ணெய் கொட்டும். தோட்டத்தில் சில செடிகள் மட்டும் பளபளவென்று மின்னி, இரண்டு நாளில் இலை ஓரம் கருகினால் நடந்தது இதுதான். உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே மஞ்சள் வளையம் கட்டினால் அந்தத் தண்ணீருக்குச் சோப்பு ஆகாது, லிட்டருக்கு 1 மி.லி. டீப்பால் (திரவச் சலவைச் சரக்கு) சேருங்கள். குளிர்காலக் காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் கேனை வெந்நீரில் நிறுத்தி இளக்கிக்கொள்ளலாம்.

தைலத்தில் யூகலிப்டஸுக்கு 10 லிட்டருக்கு 30 முதல் 50 மி.லி. வரை போகலாம். கிராம்பு வேறு ரகம். அதிலுள்ள ‘யூஜினால்’ என்னும் வேதிப்பொருள் களையைக் கருக்கவே விற்கப்படுகிற சரக்கு, 20 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். கிராம்புத் தைலம் தண்ணீரைவிடக் கனம் என்பதால் சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கி, முதல் பீய்ச்சலிலேயே செடியைச் சுடும். எதுவானாலும் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்த பிறகே தோட்டத்துக்கு. பயிருக்குப் பயிர், இளந்தளிருக்கும் முற்றிய இலைக்கும்கூட, தாங்கும் அளவு மாறும். கலப்படம் பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான தைலம் உலர்ந்ததும் தடம் இருக்காது. எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள்.

தைலம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் வெண்டையில் வேப்பெண்ணெய் வாடை காயில் ஒட்டிக்கொள்ளும், தைல வாடை பறிப்பதற்குள் பறந்துவிடும். பசுமைக்குடிலில் ஆவி கொஞ்சம் தங்கி, நூலாம்படைக்குள்ளும் எட்டும். செம்பேனைத் தின்னும் நல்ல பேனை விட்டு வளர்க்கிறவர்களுக்கும் தைலமே ஏற்றது. மேலே சொன்ன கனடா சோதனை அளவில் ரோஸ்மேரித் தைலத்தால் அந்த நல்ல பேனுக்குச் சேதமே இல்லை. மாடித்தோட்டத்துப் பத்துத் தொட்டிக்கு நாலு நாளுக்கு ஒரு முறை அடிப்பது ஒரு சுமையே அல்ல.

எதைத் தேர்ந்தாலும், நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) அடித்த செடிக்கு இரண்டு வாரம் எந்த எண்ணெயும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும்.