எங்கள் மெம்பரும் அக்கா ஊர் பிரசிடெண்டும்

போன வருஷம் கோடையில் அக்கா வீட்டுத் தெருவுக்கு ஒன்பது நாள் தண்ணீர் வரவில்லை. ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, ஊருக்குப் பிரசிடெண்டே இல்லாத நேரம் அது. போர் மோட்டாரில் காயில் போய்விட்டது. மாமா போய் டேங்க் ஆபரேட்டரைக் கேட்டால், அவர் ஊராட்சி செயலரைக் கை காட்டினார். செயலர், “எஸ்டிமேட் போட்டு ஒன்றிய ஆபீசுக்கு அனுப்பியாச்சுங்க, கையெழுத்தாகி வரோணும்” என்றார். நான் போயிருந்த அன்று அக்கா திண்ணையில் ஏழு குடத்தை வரிசையாக வைத்து டிராக்டர் தண்ணீருக்குக் காத்திருந்தாள். “முன்னன்னா பிரசிடெண்ட் ஊட்டு வாசல்ல நாலு பொம்பளைக குடத்தோட போய் நின்னாப் போதும். பொழுது சாயறதுக்குள்ள மோட்டாரைக் கழட்டிப் பொள்ளாச்சிக்குக் கொண்டு போயிருவாரு. இப்ப ஆரு வாசல்ல போய் நிக்கறது, சொல்லு கண்ணு” என்றாள்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை பக்கம். அக்காவைக் கொடுத்தது பொள்ளாச்சி பக்கம். நடுவில் கோபாலபுரம் செக்போஸ்ட். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, இரண்டு பக்கமும் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பிய பாசனம், இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. ஆனால் ‘பஞ்சாயத்து’ என்ற சொல் மட்டும் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு ஒன்றாகிவிடுகிறது. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994-இல் இரு மாநிலங்களும் தனித்தனியாக ஊராட்சிச் சட்டம் போட்டன. முப்பது வருஷம் கழித்து இரண்டும் எங்கே வந்து நிற்கின்றன என்பதை, இரண்டு வீட்டிலும் சோறு தின்கிறவனாக நான் பார்த்தபடி சொல்கிறேன்.

முதலில் அளவு. பாலக்காடு மாவட்டம் முழுக்க 88 கிராம பஞ்சாயத்துகள்தான். கோவை மாவட்டத்தில் 228. அதுவும், கோவையில் முக்கால்வாசிப் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள் என்று 2011 கணக்கெடுப்பு சொல்லும்போது! கேரளம் முழுக்க 941, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500. எங்கள் பஞ்சாயத்து ஒரு சின்ன டவுன் மாதிரி. பிரசிடெண்ட் இன்னொரு கோடியில் இருப்பார், நான் அவரை நேரில் பார்த்தது மூன்று தடவை. அக்கா ஊரில் பிரசிடெண்டின் தாத்தா எந்தத் தோட்டத்தில் பண்ணையம் பார்த்தார் என்பது வரை எல்லாருக்கும் தெரியும்.

ஓட்டுப் போடும் விதமும் இதற்கேற்ப வேறு. எங்களுக்கு மூன்று ஓட்டு: வார்டு, பிளாக், ஜில்லா. மேஜை மேல் மூன்று மெஷின் வரிசையாக இருக்கும். கிராம பஞ்சாயத்துக்கு வெள்ளைச் சீட்டு, பிளாக்குக்கு இளஞ்சிவப்பு, ஜில்லாவுக்கு வெளிர்நீலம். எங்கள் பக்கத்து வார்டுகளில் வேட்பாளர் பெயர் மலையாளத்தோடு தமிழிலும் இருக்கும். மூன்றாவது பட்டனை அழுத்தியதும் நீளமாக ஒரு சத்தம் வரும். அம்மா அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவாள். எல்லாமே கட்சிச் சின்னம். பிரசிடெண்டுக்கு நாங்கள் ஓட்டுப் போடுவதில்லை. ஜெயித்த மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அக்காவுக்கு நான்கு ஓட்டு, நான்கு நிறக் காகிதம், ரப்பர் முத்திரை. ஒன்றியத்துக்கு பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், இந்த இரண்டில்தான் உதயசூரியனும் இரட்டை இலையும் வரும். வார்டு மெம்பருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். ஊர்த் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. எனக்கு அக்கா மேல் பொறாமை வரும் இடம் இது ஒன்றுதான். தன் பிரசிடெண்ட் யார் என்பதைத் தானே முத்திரை குத்திச் சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது. இங்கே இரண்டு அணியும் சம எண்ணிக்கையில் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு இரண்டரை வருஷம் என்று கட்சிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. ஓட்டுப் போட்டவனிடம் யாரும் கேட்பதில்லை.

ஆனால் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் சுத்தமான தேர்தல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். கட்சி விலகிய இடத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல இடங்களில் ஜாதி வந்து உட்கார்ந்துகொண்டது. மதுரை மாவட்டத்தில் மேலவளவு தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித்தாக இருந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் அவர் செய்த குற்றம். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகாச்சியேந்தல் ஊராட்சிகளில் ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்க 2006 வரை ஆனது. 2022-இல் கூட, சுதந்திர தினத்தன்று தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் எங்காவது ஒரு கோயில் திடலில் தலைவர் பதவியை ஏலம் விடுகிற சேதியும் வருகிறது. ஏலத் தொகை கோயில் திருப்பணிக்கு என்பார்கள். ஊருக்குள் ஒருத்தன் கூட எதிர்த்து நிற்க முடியாமல் போனதற்கு அது ஈடாகுமா?

எங்கள் பக்கத்தில் மட்டும் ஜாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நாக்கு கூசுகிறது. முதலமடை பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் மக்கள், தங்களுக்குத் தீண்டாமை காட்டப்படுவதாக 2017-இல் பகிரங்கமாகச் சொன்னார்கள். டீக்கடையில் தனி டம்ளர், குழாயில் ஒதுக்கம் என்று அவர்கள் சொன்னவை கேரளம் முழுக்க அதிர்ச்சியாகப் பேசப்பட்டன. எல்லைக்காரர்கள் எங்களுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை, வெட்கம்தான் இருந்தது. எல்லாக் கட்சிக் கொடியும் பறக்கிற ஊர் அது.

கட்சிப் பிடிக்கு எதிராக இங்கே ஜனங்கள் எழுந்த கதையும் உண்டு. மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் போனஸ் குறைத்ததை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. ‘பெண்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்துக்கொண்டு, இரண்டே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று, மூணாறு பஞ்சாயத்தில் இரண்டு வார்டும் தேவிகுளம் பிளாக்கில் ஒரு டிவிஷனும் ஜெயித்தார்கள். பெரிய கட்சிகளின் சின்னங்களுக்கு நடுவே, கொழுந்து பறித்த கையோடு வந்து ஜெயித்தவர்கள். அந்த வேகம் நிலைக்கவில்லை என்பது உண்மை. தனித்து நிற்கிறவரைக் கட்சி அமைப்பு மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

இனி காசும் அதிகாரமும். இதில் கேரளம் எங்கேயோ போய்விட்டது. 1996-இல் ஜனகீய ஆசூத்ரணம் என்று மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தார்கள். இன்றைக்கும் மாநில பட்ஜெட்டோடு ‘நாலாம் அனுபந்தம்’ (நான்காவது இணைப்பு) என்று ஒரு புத்தகம் வருகிறது. அதில் எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று பெயர் போட்டு அச்சடித்திருக்கும். எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ், மிருக ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி எல்லாம் பஞ்சாயத்தின் கீழ் வருகின்றன. அக்கா ஊரில் மாட்டு டாக்டர் வராவிட்டால் பிரசிடெண்ட் விண்ணப்பம் எழுதலாம். இங்கே பஞ்சாயத்து கமிட்டியில் வைத்து நேராகவே கேட்பார்கள்.

இந்த அதிகாரம் காகிதத்தில் மட்டும் இருக்கிற அதிகாரமா என்று சந்தேகப்படுகிறவர்களை நான் பிளாச்சிமடைக்குக் கூட்டிப்போவேன். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், பெருமாட்டி பஞ்சாயத்து. 2000-இல் கோக்கோ கோலா ஆலை வந்தது. சுற்றியுள்ள கிணறுகள் கெட்டன, அந்தத் தண்ணீரில் சோறு வேகவில்லை என்று காலனிப் பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண். மறு வருஷம் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. உலகம் முழுக்கக் கடை விரித்த ஒரு கம்பெனிக்கு ஒரு கிராம பஞ்சாயத்து ‘முடியாது’ என்று எழுத்தில் கொடுத்தது. உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி 2003 டிசம்பரில் நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு கம்பெனிக்குச் சாதகமாகத் திரும்பியது. பஞ்சாயத்து விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவே இல்லை. தமிழ்நாட்டில் மதுக்கடை வேண்டாம், குவாரி வேண்டாம் என்று எத்தனையோ கிராமசபைகள் தீர்மானம் போட்டிருக்கின்றன. அதற்காக அந்த ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் பெருமாட்டிக்கு இருந்தது போல, கோர்ட் வாசல் வரை செலவழித்துப் போகிற வலுவை அந்த ஊராட்சிகளுக்கு யார் கொடுத்தார்கள்?

கிராமசபையிலும் இரண்டுக்கும் சேரவில்லை. எங்களுக்கு வார்டுக்கு ஒன்று, ஓட்டர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் செல்லும். அங்கே ஊராட்சி முழுக்க ஒன்று. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாள் குறித்தே நடக்கும். 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. இங்கே ‘லைஃப்’ என்ற அரசு வீட்டுத் திட்டத்தின் பட்டியல் வரும் அன்று மட்டும், கிராமசபை கூடும் எல்.பி. (ஆரம்பப்) பள்ளி நிரம்பும். மற்ற நாளில் குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்களும் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்காரர்களும்தான் பெஞ்சில் இருப்பார்கள்.

அந்தப் பெஞ்சில்தான் எனக்குள்ள பெரிய மனக்குறையும். நோட்டீஸ் மலையாளத்தில் வரும். மினிட்ஸ் புத்தகம் மலையாளத்தில் எழுதப்படும். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஒரு தடவை எங்கள் ரோட்டுக்கு ஓடை கட்ட வேண்டும் என்று எழுந்து தமிழில் தெளிவாகச் சொன்னாள். எழுதியெடுத்தவர் என்ன எழுதினார் என்று அவளால் பார்க்க முடியவில்லை. கீழே கையெழுத்து மட்டும் போட்டாள். பிறகு நான் படித்துப் பார்த்தபோது ஓடை இருந்தது, ரோடு வேறு ரோடாக இருந்தது. 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுதிக்கொள்ளலாம் என்கிறது. தேவிகுளம் எம்.எல்.ஏ. 2021-இல் சட்டசபையிலேயே தமிழில் உறுதிமொழி எடுத்தார். சட்டசபைக்குள் நுழைந்த தமிழ், வார்டு கிராமசபையின் நோட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. அக்கா ஊரில் தீர்மானம் எழுதும்போதே பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அண்ணா, அந்த வரியைத் திருத்துங்க” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இவ்வளவு இருந்தும், எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் கேரளத்தைத்தான் சொல்வேன். காரணம் காசு கூட இல்லை, நாட்காட்டி. 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025. கொரோனா வந்தும் 2020 தேர்தல் டிசம்பருக்குள் முடிந்தது. கடைசியாக டிசம்பர் 11-ஆம் தேதி பாலக்காடு ஓட்டுப் போட்டது, 13-ஆம் தேதி எண்ணினார்கள், அந்த மாதத்துக்குள்ளேயே புது மெம்பர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, “அம்மா, நான்தான் இனி” என்று கைபிடித்துவிட்டுப் போனார். அந்தத் தடவை ஒரு நாள் கூட மெம்பர் நாற்காலி காலியாக இருக்கவில்லை. வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் தெருவிளக்கு எரியவில்லை என்று போட்டால் அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். ஐந்து வருஷம் கழித்துக் கட்டாயம் தேர்தல் வரும் என்று அவருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்பது ஒரு காரணம். அதைச் சரிசெய்து தேர்தல் நடத்த 2019 டிசம்பர் ஆனது, அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். கோவை உட்பட முதலில் நடந்த இடங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா ஊருக்குத் தனி அலுவலர் ஒன்றிய ஆபீஸில் இருக்கும் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கையில் அக்கா ஊர் மாதிரி இன்னும் பல ஊர்கள். அத்தனை மோட்டாரும் அத்தனை குடமும் ஒரே மேஜையில் பைலாகக் கிடக்கின்றன. பாதிப் பதவிகளைப் பெண்களுக்கு ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அங்கே 2019-தான். ஐந்து வருஷம் பழகி, ஆபீசில் உட்கார்ந்து கேள்வி கேட்கப் படித்துக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறாதது அதுதான்.

பத்தாவது நாள் மோட்டார் வந்தது. அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அக்கா முக்கு வரைக்கும் கூட வந்தாள். அந்த முக்குச் சுவரில் 2019-இல் நீலத்தில் எழுதிய பூட்டு சாவி இன்னும் பாதி தெரிகிறது. “இதும்மேல வெள்ளையடிக்கச் சொல்லி ஆராச்சும் வந்தாத் தேவலை” என்றாள்.