மொனிட்டர் தானா பத்துதா? "பவர் போர்ட் மாத்தணும்" எண்டா காசு குடுக்காதீங்க – மட்டக்களப்பு ஆக்கள் கவனம்

டவுனுக்குள்ள கொம்பியூட்டர் திருத்தக் குடுக்கிற ஆக்கள் இத ஒருக்கா வாசிச்சித்துப் போங்க. கடைட பேர் போடல்ல, போட்டா வேற பிரச்சின வரும், ஆனா செஞ்ச வேலைய அப்படியே சொல்றன், உங்களிட்டயும் இதே கதைய விட்டா உடன பிடிபட்டுரும்.

நான் இருக்கிறது ஆரையம்பதியில, கலியாண வீடியோ எடிட் பண்றதுதான் தொழில். எடிட் முடிஞ்ச வீடியோவ ஃபைலா எடுக்கிற எக்ஸ்போர்ட் எல்லாம் ராவுலதான் போடுறது, கிளையண்டுக்கு அப்லோட் பண்றதும் 12 மணிக்குப் பிறகு நைட் டேட்டாவில. அப்ப கொம்பியூட்டர் ஓடணும், மொனிட்டர் மட்டும் நூரணும். சின்ன ஊடு, அதே அறையிலதான் பாய் போட்டுப் படுக்கிறம், நல்லா நித்திரையாகிக் கிடக்கக்குள்ள திடீரெண்டு மொனிட்டர் பத்தும், அறை முழுக்க வெள்ள வெளிச்சம், புள்ள எழும்பி அழத் தொடங்கிரும். மொனிட்டர்ட பட்டன அமுக்கி நூக்கலாமே எண்டு கேப்பீங்க, அது செகண்ட் ஹாண்ட் சாமான், வாங்கக்குள்ளயே பட்டன் உள்ளுக்குப் போய்க் கிடக்கு. ப்ளக்கப் புடுங்கிறதெண்டா மேசைக்குக் கீழ படுத்துத்தான் புடுங்கணும், அது ஒவ்வொரு ராவும் ஏலுமா.

கடையில நான் கேட்டது இவ்வளவுதான்: நினைச்ச நேரம் நூரணும், நான் தொடுற வரைக்கும் பத்தக்கூடாது. கவுண்டர்ல நிண்ட தம்பி மொனிட்டரத் தூக்கி ஒரு பக்கம் சரிச்சிப் பாத்துத்து, "அண்ணே இது பவர் போர்ட் லீக், அதான் தானா பத்துது" எண்டான். போர்ட் லீக் எண்டா என்ன தம்பி எண்டு கேட்டா, "கரண்ட் உள்ளுக்கு நிக்கிது அண்ணே, மாத்தினா சரி". மொனிட்டருக்குள்ள கரண்ட் குடுக்கிற அந்தப் போர்டுக்கு 6,500 ரூவா, மறுகா "ஸ்க்ரீன் ஓஃப் சொஃப்ட்வெயார்" எண்டு 1,500. பில்லில ரிப்பேர் எண்டு ஒத்தச் சொல்லு மட்டும்தான் எழுதினது. கழட்டின பழைய போர்டத் தாங்க எண்டன், அது குப்பையில போயித்தாம்.

ஊட்ட கொண்டுவந்து டெஸ்க்டொப்பில அவனுகள் போட்டுத் தந்த ஐகன அமுக்கினா டக்கெண்டு நூந்திச்சு. ராவுக்கு பழைய கதைதான், திரும்பப் பத்திச்சு. கோல் எடுத்துக் கேட்டா இப்ப விண்டோஸ் பழுதாம், கொண்டுவரட்டாம், திரும்ப அடிக்க 2,500 ஆகுமாம். நல்லாத்தான் யாபாரம் பண்றானுகள் எண்டு நினைச்சித்து ஃபோன வச்சித்தன்.

மறுகா என்ட தங்கச்சிட மகன் வந்தான், ஐடி படிக்கிறவன். அவன் ஒண்டையும் கழட்டல்ல, கதிரையில இருந்து ஸ்க்ரீனையே பாத்துக்கொண்டிருந்தான். "மாமா, மவுஸ ஆரும் தொடல்லத்தானே, அங்க பாருங்க" எண்டான். பாத்தா அம்புக்குறி நடுங்குது. மேசை கண்ணாடி மேசை. மவுஸ் தனக்குக் கீழ இருக்கிற மேற்பரப்பில பட்டுத் திரும்புற வெளிச்சத்த வச்சித்தான் அசைவக் கணக்கெடுக்கும், கண்ணாடியில அது ஒழுங்கா புடிபடாது, அதால கை படாமலே அசையுற மாதிரிக் காட்டும். விண்டோஸுக்கு அது போதும், மவுஸோ கீபோர்டோ துளி அசைஞ்சாலும் நூந்த ஸ்க்ரீனப் பத்த வச்சிரும். ஊட்ட கிடந்த பழைய கலியாணக் காட் ஒண்ட எடுத்து மவுஸுக்குக் கீழ வச்சான், நடுக்கம் நிண்டுத்து. அண்டு ராவு முழுக்க மொனிட்டர் பத்தவே இல்ல.

அந்த 1,500 ரூவா சொஃப்ட்வெயார் என்ன தெரியுமா, நெட்டில சும்மா எடுக்கிற நிர்சிஎம்டி (NirCmd) எண்ட குட்டி புரோகிராம், அதுக்கு ஒரு ஷோர்ட்கட் போட்டு டெஸ்க்டொப்பில வச்சிருக்கானுகள். அதுவும் தேவல்ல, விண்டோஸ்ல பவர் ஒப்ஷன்ஸுக்குள்ள போய், பவர் பட்டன அமுக்கினா என்ன நடக்கணும் எண்டு கேக்கிற இடத்தில டேர்ன் ஓஃப் த டிஸ்ப்ளே எண்டு குடுத்தா சிபியு பட்டனை ஒருக்கா தட்டினாலே ஸ்க்ரீன் நூரும், உள்ளுக்கு வேல ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லீப்பக் குடுத்திராதீங்க, எக்ஸ்போர்ட் பாதியில நிண்டுரும். வயர்லெஸ் மவுஸ் எண்டா அடியில இருக்கிற சுவிட்ச நூத்துட்டுப் படுங்க.

இப்ப அந்தப் போர்டுக்கு வாறன். மருமகன் மொனிட்டர்ட பின் மூடியக் கழட்டினான், உள்ளுக்கு "புதுப்" போர்டில தூசி தடிப்பாப் படிஞ்சிருக்கு, மூலையில பல்லி முட்டைக் கோது ரெண்டு காஞ்சி ஒட்டிக் கிடக்கு. கடையில போர்ட் மாத்தக்குள்ள பல்லியும் சேந்து வந்ததா? யோசிச்சுப் பாத்தா போர்ட் பழுதெண்டா மினுங்கும், இல்லாட்டி பத்தாமலே கிடக்கும், கொம்பியூட்டர் சிக்னல் அனுப்பினாத்தானே டெஸ்க்டொப் படம் அச்சொட்டா வரும்.

படத்த எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினன். முதல் சத்தம் போட்டானுகள், மறுகா சொஃப்ட்வெயார் காச மட்டும் தாறமாம், போர்ட் காசு தர ஏலாதாம். நான் வாங்கல்ல. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில குடுத்திருக்கன், 1977க்கு அடிச்சாலும் விசாரிக்கலாம், சாமான் வாங்கி அல்லது வேல செஞ்சு மூண்டு மாசத்துக்குள்ள முறைப்பாடு குடுக்கணும். பில் இல்லாட்டி கஷ்டம், அதால என்ன மாத்தினது எண்டு பில்லில எழுதச் சொல்லுங்க, பழைய சாமான கையோட வாங்குங்க.

உள்ள போன பட்டன் இன்னும் அப்படியேதான் கிடக்கு. அந்தக் குட்டி சுவிட்ச மட்டும் மாத்தத் தெரிஞ்ச ஆள் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் இருந்தா சொல்லுங்க, போர்டில இருந்து கதைய தொடங்குற ஆள் வேணாம்.