10 வட்டியை விட 12 வட்டி மலிவு

அக்கா மகன் பைக் வாங்கப் போகும்போது என்னையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போனான். முன்பணம் போக 80,000 ரூபாய் கடன் வேண்டும், இரண்டு வருடத் தவணை. வங்கியில் 12 சதவீதம் வட்டி என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஷோரூமில் ஃபைனான்ஸ் மேசையில் இருந்த பெண், "பத்து பர்சன்ட்தான் சார்" என்றார். "மாமா, இங்கேயே போட்டுடலாம், ரெண்டு பர்சன்ட் கம்மி" என்று அவன் பேனாவை எடுத்துவிட்டான்.

கணக்கைக் காட்டச் சொன்னேன். அவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். 80,000க்கு 10 சதவீதம் 8,000. இரண்டு வருடத்துக்கு 16,000. அசலோடு சேர்த்தால் 96,000. இருபத்து நாலால் வகுத்தால் மாதம் 4,000 ரூபாய். வங்கி எழுதிக்கொடுத்த துண்டுத்தாள் அவன் பர்ஸிலேயே இருந்தது. அதில் மாதத் தவணை 3,766. பன்னிரண்டு என்று சொன்ன இடத்தில் தவணை குறைவு, பத்து என்று சொன்ன இடத்தில் கூடுதல். இரண்டு வருடத்தில் 5,600 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. அவன் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தான்.

இரண்டு இடத்திலும் 'வட்டி' என்றுதான் சொன்னார்கள், ஆனால் சொன்னது ஒரே பொருளை அல்ல. வங்கி சொன்னது குறைந்துவரும் அசலுக்கான வட்டி. முதல் மாதம் 80,000க்கு 1 சதவீதம், அதாவது 800 ரூபாய் வட்டி. கட்டிய 3,766இல் மீதி 2,966 அசலில் கழிகிறது. அடுத்த மாதம் 77,034க்குத்தான் வட்டி, 770 ரூபாய். இப்படியே தேய்ந்து கடைசித் தவணையில் வட்டி வெறும் 37 ரூபாய்க்கு வந்துவிடும். ஷோரூமில் சொன்னது ஃப்ளாட் வட்டி. அதில் முதல் மாதமும் 667 ரூபாய் வட்டி, கடைசி மாதமும் அதே 667 ரூபாய். அசலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு 80,000மும் நம் கையில் இருப்பதுபோலவே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த 10 சதவீத ஃப்ளாட்டை வங்கி கணக்குப் போடும் முறைக்கு மாற்றினால் 18.16 சதவீதம் வருகிறது. நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒன்று முதல் மூன்று வருடத் தவணைக் கடனாக இருந்தால், ஃப்ளாட் எண்ணை 1.8ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்டச் சரியாக வரும்.

சரி, ஊரில் தெரிந்தவர்களிடம் வாங்கும் கடனுக்குச் சொல்லும் வட்டி எந்த வகை? "ரெண்டு ரூபா வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். சில ஊர்களில் இதையே "ரெண்டு பைசா வட்டி" என்பார்கள், ஒரு ரூபாய்க்கு மாதம் 2 பைசா என்ற கணக்கில். இரண்டும் ஒன்றுதான். ஆனால் நகைக்கடன் விளம்பரத்தில் "75 பைசா வட்டி" என்று எழுதியிருந்தால் அது நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா, வருடத்துக்கு 9 சதவீதம். ஆக ரெண்டு பைசா வட்டியை விட 75 பைசா வட்டி குறைவு! எந்தத் தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் இப்படித்தான் ஆகும். (விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் மிகக் குறைந்த விகிதம். கிராமுக்கு அதிகப் பணம் கேட்டால் அதே கடையில் வேறு விகிதம் சொல்வார்கள்.)

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு லட்சத்தை ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 12,000 வட்டி. 12 சதவீத ஃப்ளாட்டில் வாங்கினாலும் அதே 12,000தான். ஆனால் ரூபாய் வட்டியில் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுகிறோம், அசல் ஒரு லட்சமும் வருடக் கடைசி வரை நம் கையில் வேலை செய்கிறது. அது நேரான 12 சதவீதம். ஃப்ளாட்டில் மாதம் 9,333 கட்டி அசலையும் சேர்த்தே அடைத்துக்கொண்டு வருகிறோம். அதன் உண்மையான விகிதம் 21.46 சதவீதம். ஊர்க் கடன் என்றாலே மோசம், ரசீது போட்டுத் தரும் கடன் என்றாலே நல்லது என்று நாம் வைத்திருக்கும் எண்ணம் இந்த இடத்தில் செல்லாது. ஒரு ரூபாய் வட்டிக்கு உறவுக்காரர் தவிர வேறு யாரும் தருவதில்லை என்பதும் உண்மைதான். மூன்று, ஐந்து என்று போகும்போது ஃப்ளாட்டே தேவலை.

தண்டல் இதிலெல்லாம் சேராது. பூக்கடை, தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் வாங்குவது அது. 10,000 என்று பேச்சு, கையில் வருவது 9,000. தினம் 100 ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். "ஆயிரம் ரூபாதானே பிடிக்கிறாங்க, பத்து பர்சன்ட்" என்று வாங்குபவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வருடக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 78 சதவீதம். காலையில் சரக்கெடுக்கப் பணம் வேண்டும், வேறு யாரும் தரமாட்டார்கள் என்ற நிலையில் நிற்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லி என்ன பயன் என்று எனக்கும் தோன்றியதுண்டு. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பத்து என்று நினைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் சுற்றில் விடுவதும், எழுபத்தெட்டு என்று தெரிந்து ஒரு அவசரத்துக்கு மட்டும் வாங்குவதும் வேறு வேறு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது.

பழைய கணக்கு இதை விடத் தெளிவாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பெயர் பொலிசை. கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு பொலிசை தருவதாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். இத்தனை காசுக்கு, இத்தனை காலத்துக்கு, இவ்வளவு என மூன்றும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன.

இன்று அந்த வரி கடன் ஒப்பந்தத்தின் முக்கிய விவரத் தாளில் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தரும் தவணைக் கடன்களுக்கு வங்கியும் நிதி நிறுவனமும் இந்தத் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஓர் எண் இருக்கும். வட்டியோடு ப்ராசஸிங் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்து, குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அது. ஃப்ளாட், ரூபாய், பைசா எல்லாம் அங்கே ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும். கையெழுத்துக்கு முன்னாலேயே அந்தத் தாளைக் கேளுங்கள்.

அன்று அந்தப் பெண்ணிடம் அதைத்தான் கேட்டோம். முகம் சுளிக்காமல் கணினியில் தேடி எடுத்துத் தந்தார். 18.16 என்றிருந்தது. வங்கியிலும் கேட்டு வாங்கினோம். அங்கே 800 ரூபாய் கட்டணம் பிடிப்பதால் 12 என்பது 13.02 ஆகியிருந்தது. அக்கா மகன் இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த இரண்டு எண்களையும் பேனாவால் வட்டமிட்டு, "அம்மா, இதைப் பாரு" என்று அக்காவைக் கூப்பிட்டான்.