எட்டுப் பேருக்கு ஒரே நோட்டு

தொட்டபள்ளாபுரம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை, அட்வான்ஸ் உடனே கையில், ரூம் ஃப்ரீ என்று பென்னாகரம் பக்கம் யாராவது கூப்பிட்டால், பெங்களூருக்கு பஸ் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2023 தீபாவளி முடிந்த கையோடு நானும் என் மனைவியும் போனோம். மொத்தம் எட்டுப் பேர். கூட்டிப்போன மேஸ்திரி எனக்குச் சித்தப்பா முறை, அதனால் எதையும் துருவிக் கேட்கவில்லை. ஜோடிக்கு 20,000 அட்வான்ஸ். நாள் கூலி எனக்கு 500, அவளுக்கு 400. கொத்துக்கு இருபது பூ வைத்துக் கட்டுவதில் அவள் கைதான் வேகம். கூலியில் மட்டும் நூறு குறைவு.

பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிய பாலிஹவுஸுக்குள் காலை பத்து மணிக்கே அடுப்படி மாதிரி கொதிக்கும். மருந்தடிக்க மாஸ்க் கேட்டால், "துண்டு இருக்கில்ல?" என்பார் மேஸ்திரி. காதலர் தினத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் ராத்திரி வரை பூக்கட்டு, அதற்குத் தனிக்காசு கிடையாது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை.

ஆள் கணக்கு நோட்டு அவரிடம் மட்டும்தான் இருந்தது. என் மனைவி ரூமில் தொங்கிய காலண்டரில், வேலைக்குப் போன நாளையெல்லாம் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். எண்ணினால் 80. நோட்டில் 61. ஏன் சித்தப்பா என்றால், பத்து நிமிஷம் லேட்டான நாளெல்லாம் அரை ஆளாம். அப்புறம் அந்த ஃப்ரீ ரூமுக்கு வாடகை, கேஸ், வந்த பஸ் டிக்கெட் என்று 9,500 பிடித்தம். எங்கள் 80 நாள் கணக்கில், அட்வான்ஸையும் வாரச்செலவுக்கு வாங்கிய 18,000-ஐயும் கழித்தால் எங்களுக்கு 34,000 வர வேண்டும். கையில் வைத்தது 7,400. அவர் வாங்கி வைத்திருந்த எங்கள் ஆதாரைக் கேட்டால், "அடுத்த சீசனுக்கு வந்து வாங்கிக்க."

தோட்டக்காரர், மேஸ்திரிக்கு மொத்தமாகக் கொடுத்தாயிற்று என்று கைவிரித்தார். ஓர் அலுவலகத்தில் "பாஸ்புக் இருக்கா?" என்று கேட்டார்கள். பேங்க் பாஸ்புக்கை நீட்டினேன், சிரித்தார்கள்.

அவர்கள் கேட்டது வேறு. 1979-ஆம் வருட வெளிமாநிலத் தொழிலாளர் சட்டப்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டிவரும் மேஸ்திரி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டி, கூலியும் பிடித்தமும் எழுதிய பாஸ்புக் தர வேண்டும், நமக்குப் புரியும் மொழியிலும். மேஸ்திரி கூலி தராவிட்டால் தோட்டக்காரர் தர வேண்டும். நாங்கள் போனபோது அந்தச் சட்டம் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் அந்த ஐந்து, பத்தாகிவிட்டது. மேஸ்திரிகள் எட்டு, ஒன்பது பேராகத்தானே கூட்டிப்போகிறார்கள்! இனி அவர்களை யார் கேட்பது?

ஆனால் அட்வான்ஸைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆள் எண்ணிக்கையெல்லாம் அதற்குக் கிடையாது. இலவச சட்ட உதவிக்கு 15100. அங்கே பேசிய பிறகுதான் எங்கள் ஆதார் கைக்கு வந்தது. மீதிக் காசு இன்னும் வரவில்லை.

போகிறவர்கள் ஆதார் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். மேஸ்திரி நோட்டை வாரம் ஒருமுறை போனில் போட்டோ எடுங்கள், அவர் முறைத்தாலும் சரி. இப்போது ஸ்ரீராமபுரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறோம். அந்தக் காலண்டரை என் மனைவி இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள்.