சர்ச்சின் நிபந்தனைத் தேர்வா, பெரும்பான்மையா? மூன்று உள்ளீட்டு இணைப்பிகள்

மெய் (1), பொய் (0) மதிப்புகளை உள்ளீடாக எடுத்து, அப்படியே ஒரு மதிப்பை விடையாகத் தரும் தர்க்கச் சார்பே இணைப்பி. உள்ளீடு மூன்று என்றால், எல்லா உள்ளீட்டுச் சேர்க்கைகளுக்கும் விடையைப் பட்டியலிடும் மெய் அட்டவணையில் 8 வரிகள். ஆகவே 256 இணைப்பிகள் சாத்தியம். பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. வேலைக்கு ஆகிறவற்றில் நேருக்கு நேர் நிறுத்தத் தக்கவை இரண்டு: தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச்சின் நிபந்தனைத் தேர்வு, மூன்று உள்ளீடுகளில் இரண்டோ மூன்றோ எந்த மதிப்போ அதையே தரும் பெரும்பான்மை.

சர்ச் எழுதும் முறை [அ, க, ஆ]. க மெய்யானால் அ-வின் மதிப்பு, பொய்யானால் ஆ-வின் மதிப்பு. நிபந்தனை நடுவில் இருப்பதைக் கவனிக்கவும். பைதானின் ஒருவரி இஃப்-எல்ஸிலும் அப்படியே. சி மொழியின் கேள்விக்குறிக் குறியீட்டிலோ அது முன்னால் வரும். வரிசை பிசகினால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள், விடைதான் தப்பும். பெரும்பான்மையில் எதை எங்கே மாற்றிப் போட்டாலும் ஒரே விடை.

ஆற்றலில் சர்ச்சின் கை ஓங்குகிறது. 0, 1 என்ற மாறிலிகள் மட்டும் கூட இருந்தால் போதும், நாட் (மதிப்பைப் புரட்டுவது), அண்ட் (இரண்டும் மெய்யானால் மெய்), ஆர் (ஒன்றாவது மெய்யானால் மெய்) மூன்றும் கிடைக்கும்:

நாட் க = [0, க, 1]
க அண்ட் அ = [அ, க, 0]
க ஆர் ஆ = [1, க, ஆ]

இவற்றிலிருந்து மற்ற எல்லாம் வந்துவிடும். மாறிலிகளை எடுத்துவிட்டால் நாட் கிடைக்காது: மூன்றிலும் 1 கொடுத்தால் 1-தான் வரும், எத்தனை அடுக்கு கோத்தாலும்.

பெரும்பான்மையில் ஓர் உள்ளீட்டை 0 ஆக்கினால் அண்ட், 1 ஆக்கினால் ஆர். நாட் மட்டும் வராது. உள்ளீடு 0-இலிருந்து 1-க்கு ஏறும்போது விடை ஒருபோதும் இறங்காதே. நாட்டைத் தனியாகச் சேர்த்தாலும் ஒரு மாறிலி வேண்டும். அது இல்லையென்றால், எல்லா உள்ளீடுகளையும் புரட்டினால் விடையும் புரளும் சார்புகளே கிடைக்கும்; அண்ட் அந்த வகை அல்ல.

ஆனால் கூட்டல் சுற்று பெரும்பான்மையின் சொந்த ஊர். மூன்று இரும இலக்கங்களைக் கூட்டும் முழுக்கூட்டியின் மீதி இலக்கம், அதாவது அடுத்த இடத்துக்குக் கடத்தப்படும் கேரி, அதுவேதான் (கூட்டல் இலக்கம் மூன்று உள்ளீட்டு எக்ஸ்-ஆர்: 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1). பெரும்பான்மையும் நாட்டும் மட்டுமே கொண்ட வரைபடங்களால் சுற்றுகளைச் சுருக்கும் முறையை சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள ஈ.பி.எஃப்.எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பல எஃப்.பி.ஜி.ஏ சிப்களில் (வாங்கியவரே உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்கள்) மீதியைக் கடத்துவது சர்ச்சின் வடிவமே: [உள்ளே வரும் மீதி, அ எக்ஸ்-ஆர் ஆ, அ].

ஒரு தர்க்க வாய்பாட்டை மெய்யாக்கும் மதிப்புகளைத் தேடும் நிரலான சாட் தீர்ப்பிக்குக் கொடுக்க, சி.என்.எஃப்-ஆக (ஆரால் ஆன கூறுகளை அண்டால் கோத்த வடிவம்) மாற்றினால் தேர்வுக்கு 4 கூறுகள், பெரும்பான்மைக்கு 6, மூன்று உள்ளீட்டு எக்ஸ்-ஆருக்கு 8. ஆனால் அந்த நாலில் ஒரு குறை உண்டு. அ, ஆ இரண்டும் 1, க இன்னும் தீர்மானமாகவில்லை என்றால், விடை 1 என்பதைத் தீர்ப்பியின் அலகுப் பரவல் (ஒரு கூறில் ஒரே ஓர் உறுப்பு மிஞ்சினால் அதை மெய்யாக்கும் படி) கண்டுபிடிக்காது. அதற்காகவே மிகையான 2 கூறுகளைச் சேர்ப்பது வழக்கம். வன்பொருளிலும் இதே கோளாறுதான்: 'க அண்ட் அ', 'நாட் க அண்ட் ஆ' இரண்டையும் ஆரால் சேர்க்கும் சுற்றில் அ, ஆ இரண்டும் 1-ஆக நிற்க, க 1-இலிருந்து 0-க்கு மாறும் நொடியில் நாட் வாயிலின் தாமதத்தால் வெளியீடு கணநேரம் 0-க்குச் சரியலாம். 'அ அண்ட் ஆ' என்ற மிகையான உறுப்பைச் சேர்த்தால் சரிவு நிற்கும். பெரும்பான்மையின் மூன்று இணைகளில் அந்த உறுப்பு முதலிலேயே இருக்கிறது.