அடிலெய்டில் கூடார வண்டி வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் டயரின் வயதைப் பாருங்கள்

கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை நிறுவனம் கொடுத்த கிழட்டு டயர் நடுவழியில் வெடித்தது. அதனால் இருட்டிய பிறகு ஊர் போய்ச் சேர்ந்தோம். இருட்டிய பிறகு வண்டி ஓட்டியதற்காக அதே நிறுவனம் எங்களிடம் 600 டாலர் பிடித்துக்கொண்டது.

ஜூலை பள்ளி விடுமுறையில் மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்குப் பறந்து, அங்கே கூரையில் கூடாரம் பொருத்திய வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாக, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் நிற்கும் பெரும்பாறையான உலுருவுக்குப் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரிய டப்பா நிறைய இட்லி மாவு.

இணையதளப் படத்தில் வண்டி பளபளவென்று இருந்தது. கைக்கு வந்தது நான்கு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "அதே ரகம்தான், ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார்கள். கூடாரத்தை விரிக்கக் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தவர், பதினெட்டுப் பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் மகா கெட்டிக்காரனாக வண்டியின் ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்தேன். பின்கதவில் உறை போட்டு மாட்டியிருந்த ஸ்டெப்னியை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி ஏறத்தாழ 540 கிலோமீட்டர். கிளென்டாம்போவைத் தாண்டினால் அடுத்த 250 கிலோமீட்டருக்கு ஊர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, கைப்பேசிக்குச் சிக்னலும் கிடையாது. அந்தப் பொட்டலின் நடுவில், பிற்பகல் ஒன்றரை மணிக்கு, பின்பக்க இடது டயர் வெடித்தது. ஸ்டெப்னியின் உறையைக் கழற்றினால், கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே போகிறது, காற்றே இல்லை. ஜாக்கி இருந்தது. அதோடு வைத்திருந்த ஸ்பேனர் வேறு ஏதோ வண்டியுடையது.

பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும், ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள 'சாலை ரயில்' லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் எங்கள் வண்டி ஒருமுறை ஆடி நின்றது. ஓய்வுபெற்ற பின் கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு நாடு சுற்றும் முதியவர்கள் இந்தச் சாலையில் ஏராளம். அப்படி ஒரு தம்பதி நின்றார்கள். அவர்களிடம் ஸ்பேனர், காற்றடிக்கும் கருவி, செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் இருந்தன. வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்த அந்தப் பெரியவர், அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த கடைசி நான்கு எண்களைக் காட்டினார்: 1713. 2013ஆம் ஆண்டின் 17ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பத்து ஆண்டுகளுக்கு மேலான டயர். பக்கமெல்லாம் வறண்ட ஏரிபோல வெடிப்பு. ஸ்டெப்னியும் அதே ஆண்டுதான்.

அவருடைய தொலைபேசியிலிருந்து நிறுவனத்தின் '24 மணி நேர உதவி'யை அழைத்தேன். முழுப் பாதுகாப்பு என்ற பெயரில் நாளொன்றுக்கு 45 டாலர் கூடுதலாகக் கட்டியிருந்தேன். அதில் டயர் சேராதாம். கூரையும் வண்டியின் அடிப்பகுதியும்கூடச் சேராதாம். இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாதே என்றேன். "மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள்" என்றாள் மறுமுனையில் பேசிய பெண். அதை எழுத்தில் வாங்க எனக்குத் தோன்றவில்லை.

இரவில் ஊருக்கு வெளியே வாடகை வண்டியை ஓட்டக் கூடாது என்பது நியாயமான விதிதான். பொழுது சாய்ந்தால் கங்காருகளும் மாடுகளும் சாலைக்கு வந்துவிடும். ஆனால் ஜூலையில் பாலைவன இரவு எலும்பை ஊடுருவும் குளிர். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஓரத்தில் படுப்பதா? ஐந்தே முக்கால் வாக்கில் பொழுது சாய்ந்தது. காற்றடித்து மாட்டிய அந்த ஸ்டெப்னியோடு ஊர்ந்து ஊர்ந்து ஏழு மணிக்குக் கூபர் பீடியை அடைந்தோம். மறுநாள் இரண்டு புது டயர்கள் என் செலவில்.

குளிர்பெட்டியும் ஒரு கதைதான். அதற்கென்று இருந்த இரண்டாவது பேட்டரி செத்துக் கிடந்தது. எஞ்சின் ஓடினால் மட்டுமே குளிரும். நிறுத்தி வைத்த நேரத்தில் பகல் வெயிலுக்கு மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பால், தயிர், பிள்ளைகளின் சாக்லேட் என எல்லாவற்றின் மீதும் வழிந்திருந்தது. பாலைவனத்தில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி இட்லி மாவைக் கழுவுவது எப்படி என்று என் மனைவியிடம் கேளுங்கள்.

உலுருவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதன் முன் நின்ற இரண்டு நாளும் இந்த நிறுவனம் நினைவுக்கே வரவில்லை.

திரும்பி வந்து வண்டியை ஒப்படைத்தோம். ஒரு வாரம் கழித்து 3,000 டாலர் பிணைத்தொகையில் 1,545 குறைந்து வந்தது. இரவில் ஓட்டியதற்கு 600. வண்டியில் ஒளிந்திருந்த ஜிபிஎஸ் சாட்சியாம். தார் போடாத பாதையில் போனதற்கு 600. அது கூபர் பீடியில் முகாம் வாசலுக்குப் போகும் முந்நூறு மீட்டர் மண்பாதை. செம்புழுதி துடைக்க 250. இதையெல்லாம் கணக்கிட்ட சிரமத்துக்கு 95.

அதன் பிறகுதான் பதினெட்டுப் பக்கத்தையும் படித்தேன். முகாம்களுக்குச் செல்லும் குறுகிய மண்பாதைக்கு விலக்கு உண்டு என்று பதினோராம் பக்கத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள். அதைக் காட்டியதும் அந்த 600 திரும்பியது. புழுதிக்கான 250ஐயும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். மீதிக்கு ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தை மேற்கோள் காட்டி எழுதினேன். வாடகைக்குக் கொடுக்கும் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். எந்த ஒப்பந்தக் கையெழுத்தும் அந்த உரிமையைப் பறிக்காது. பதில் இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி தனிநபர் தகராறுகளைத் தீர்த்துவைப்பதில்லை என்பதால், தெற்கு ஆஸ்திரேலிய மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கூபர் பீடி டயர்க் கடைக்காரர் ரசீதிலேயே பழைய டயரின் நான்கு எண்களையும் எழுதிக்கொடுத்தார். என் கையில் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான்.

நீங்கள் வண்டி எடுக்கும்போது ஐந்து டயர்களின் எண்களையும் படம் எடுங்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டிப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, குளிர்பெட்டி அரை மணி நேரமாவது ஓடுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஊழியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நேற்று அவர்களுடைய இணையதளத்தைத் திறந்தேன். அதே பளபளப்பான படம். செப்டம்பர் விடுமுறைக்கு முன்பதிவு தொடங்கியிருக்கிறது.